சாம்ப்ளரில் 8 பார் லூப்பைக் காப்பி எடுத்துப் பாட்டாக்குவது: ஒரே ஸ்னேரை ஆறு இடத்தில் திருத்துகிறேன்

பேட்_பதினாறு:
கம்ப்யூட்டரைத் தொடாமல் எம்பிசியிலேயே (சத்தங்களைப் பதிந்து பேடுகளில் தட்டி வாசிக்கும் சாம்ப்ளர்) ஒரு பாட்டை முழுசாக முடிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 8 பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) லூப் ஒன்று நன்றாக அமைந்துவிட்டது, டெம்போ நிமிடத்துக்கு 96 தட்டு. அதை 1ஆம் சீக்வென்ஸில் (எந்த பேட் எப்போது அடிக்கும் என்ற பதிவு) வைத்துக்கொண்டு 2 முதல் 6 வரை காப்பி எடுத்து, 2இல் கூடுதல் ஹை-ஹாட், 3இல் பேஸ் இல்லாமல், 4இல் பல்லவிக்கு ஒரு மெலடி என்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றினேன். மறுநாள் ஹெட்ஃபோனில் கேட்டால் 5ஆவது பாரில் ஒரு ஸ்னேர் டிரம் அடி பிந்தி விழுகிறது. 1இல் திருத்தினேன், மற்ற ஐந்திலும் அப்படியே இருக்கிறது! ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்தேன், அதிலும் 4ஐ மறந்துவிட்டதால் பல்லவி வரும்போதெல்லாம் தாளம் நொண்டுகிறது. நான் செய்கிற முறையே தப்பா?

இன்னொன்று, ஒரு சீக்வென்ஸ் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நீளமான கார்டு (chord) சத்தம் டக்கென்று அறுந்துபோகிறது. அது ஏன்?

பழைய_கிக்:
காப்பி எடுத்தால் அது தனிக்குடித்தனம் போன மாதிரி. அதன்பிறகு 1க்கும் 4க்கும் ஒட்டு உறவு கிடையாது, நீங்கள் இங்கே என்ன திருத்தினாலும் அங்கே தெரியாது. சாங் மோடில் ஒரே சீக்வென்ஸைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது வேறு விஷயம், அங்கே இருப்பது ஒன்றுதான், அதைத் திருத்தினால் வருகிற இடமெல்லாம் திருந்தும். 1988இல் வந்த எம்பிசி60இலேயே இதே ஏற்பாடுதான்: எந்த சீக்வென்ஸ், எத்தனை தடவை என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவது.

உங்கள் டெம்போவுக்குக் கணக்கு சுலபம். 96இல் ஒரு பார் 2.5 நொடி, 8 பார் 20 நொடி, அப்படியானால் மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒன்பது சுற்று போதும். 3 ஒரு தடவை, 1 இரண்டு தடவை, 4 ஒன்று, மறுபடி 1 இரண்டு, 4 இரண்டு, கடைசியில் 3 ஒன்று. ஒன்பதாயிற்றா? இதற்கு ஆறு சீக்வென்ஸ் எதற்கு, மூன்றே போதும். அவற்றில் 3, 4 இரண்டையும்கூட 1ஐ முழுசாகக் கேட்டு, இனி கை வைக்க மாட்டேன் என்று தோன்றிய பிறகு காப்பி எடுங்கள். மெலடி கிடைத்த உற்சாகத்தில் சீக்கிரமே காப்பி எடுத்துவிட்டு அப்புறம் அவஸ்தைப்படுவதில் நீங்கள் முதல் ஆள் இல்லை, நானும் பட்டிருக்கிறேன்.

அரை_பார்:
மேலே சொன்னது சரிதான், ஆனால் திரும்பத் திரும்ப அதையே கூப்பிட்டால் மூன்றாவது சுற்றிலேயே காது அசந்துவிடும். நான் முதல் டிஜிடாக்ட் (இன்னொரு வகை சாம்ப்ளர்) ஆள். அதில் ஒரு பேட்டர்னுக்கு (உங்கள் சீக்வென்ஸ் மாதிரி) 64 ஸ்டெப், அதாவது நோட்டு வைக்கும் கட்டம், பதினாறு பதினாறாக எண்ணினால் 4 பார்தான், அதனால் காப்பியே எடுக்காமல் மாறுதல் காட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு கிக்குக்கு 4:4 என்று கண்டிஷன் வைத்தால் நான்கு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் அது அடிக்கும். பேட்டர்ன் ஒன்றுதான், கேட்பவருக்கு 16 பார் நீளம்.

இதில் இன்னொரு விஷயம், டிஜிடாக்டில் பேட்டர்னைக் காப்பி எடுத்தால் சத்தத்தின் அமைப்பும் கூடவே போய்விடும். கிக்கின் சுருதியை முதல் பேட்டர்னில் மாற்றினால் இரண்டாவதில் பழைய சுருதிதான். எம்பிசியில் புரோகிராம் (எந்த பேடில் எந்தச் சத்தம், எப்படி என்ற அமைப்பு) பொது என்பதால் உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை, நோட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

டேப்_மிச்சம்:
கார்டு அறுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த பேட் நோட் ஆன் என்ற முறையில் இருக்கும், பாருங்கள். அப்படி இருந்தால் நோட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் சத்தம், சீக்வென்ஸ் முடிகிற இடத்தில் நோட்டும் முடிந்துவிடும். ஒன் ஷாட் என்று மாற்றுங்கள், சாம்பிள் தன் போக்கில் கடைசிவரை ஒலிக்கும். ஆனால் அடுத்த கார்டு வரும்போது பழையதும் கூடவே ஓடிக் குழப்பும், அதனால் அந்த பேடை மோனோவாக (ஒரு நேரத்தில் ஒரு சத்தம் மட்டும்) வையுங்கள்.

அப்புறம், சாங் மோடில் வரிசை ஒருவழியாகப் பிடித்துவிட்டால் அதை ஒரே நீள சீக்வென்ஸாக மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றிய பிறகு எல்லைகள் போய்விடும், 8ஆவது பாரின் கடைசி அரையில் தொடங்கி 9இல் இறங்குகிற ஃபில் (பகுதிகளை இணைக்கும் சிறு டிரம் வாசிப்பு) ஒன்றை அப்படியே கையால் வாசித்துப் பதியலாம். எனக்கு உயிர் வருவது அந்தக் கட்டத்தில்தான். மாற்றுமுன் வேறு பெயரில் ஒரு சேவ் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அதன்பின் ஸ்னேர் மறுபடி ஒன்பது இடத்தில் இருக்கும் :)

பேட்_பதினாறு:
2, 5, 6 மூன்றையும் அழித்துவிட்டேன், ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. ஒன் ஷாட்டும் வேலை செய்தது. இப்படி அழிப்பதால் மெமரி மிச்சமாகுமா?

பழைய_கிக்:
பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. சீக்வென்ஸில் இருப்பது எந்த பேடை எப்போது, எவ்வளவு அழுத்தி அடித்தோம் என்ற குறிப்புதான், இடம் பிடிப்பது சாம்பிள். காப்பி எடுத்தாலும் சாம்பிள் ஒன்றேதான்.