அம்பாசிடர் மார்க் 3 பின்பக்கம் வலது புறம் சாய்கிறது: பட்டை போய்விட்டதா, ஷாக் அப்சார்பரா?

கரூர் மார்க்3:
வணக்கம். 1978 மாடல் அம்பாசிடர் மார்க் 3, பெட்ரோல் வண்டி. அப்பா வாங்கியது. தினசரி ஓட்டம் கிடையாது, கோயில், கல்யாணம் என்றால் எடுப்போம். முன்பு டிக்கியில் கேஸ் டேங்க் வைத்து நிறைய ஓடியிருக்கிறது. இப்போது அந்த டேங்க் இல்லை.

கொஞ்ச நாளாகவே பின்பக்கம் வலது புறம் இறங்கி நிற்கிறது. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பினால் வலது டயர் மட்கார்டு உள்பக்கம் உரசும் சத்தம் வருகிறது. வேகத்தடையில் இறங்கும்போது 'டொம்' என்று இடிக்கிறது. ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச் விட்டால் பின்னாலிருந்து ஒரு 'டக்'.

இங்கே ஒரு மெக்கானிக் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் பட்டையைக் (பின் அச்சோடு கட்டிய, தகடு தகடாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்; அதன் ஒவ்வொரு தகட்டுக்கும் பட்டை என்றே பெயர்) கழற்றி கேஸில் சூடு காட்டி வளைத்து, ஜீப் பட்டை ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் போதும் என்கிறார். வண்டியை வீணாக்காமல் சரி செய்ய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

சேலம் பட்டறை:
தம்பி, ஷாக் அப்சார்பருக்கு இப்போ பணம் கொடுத்துடாதீங்க. இந்த வண்டியில பின்பக்க எடையைத் தாங்குறது பட்டைதான். ஷாக் வேலை குலுக்கலை அடக்குறது மட்டும். ஷாக் போனா வண்டி படகு மாதிரி ஆடும், ஆனா ஒரு பக்கம் இறங்கி நிக்காது. உங்களுக்கு உயரமே குறைஞ்சிருக்கு, அதனால ஷாக்கை மறந்துடுங்க.

முதல்ல அளவெடுங்க. சமதளமான சிமெண்ட் தரை வேணும். நாலு டயர்லயும் காத்து சரியா இருக்கணும், டிக்கி காலியா இருக்கணும், வண்டிக்குள்ள யாரும் உட்காரக் கூடாது. பின்பக்கத்தை ரெண்டு மூணு தடவை அமுக்கி விட்டுட்டு, சக்கரத்தோட நடு மையத்துல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சுப் பாருங்க. தரையில இருந்து அளந்தா டயர் தேய்மானம் கணக்கைக் கெடுத்துடும்.

அடுத்து முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையில ரெண்டு பக்கமும் அளங்க. அந்தத் தூரம், அதாவது வீல்பேஸ், அம்பாசிடருக்கு 97 அங்குலம். முன் சக்கரத்தை நேரா வச்சு அளக்கணும். ஒரு பக்கம் நல்லா வித்தியாசம் வந்தா பட்டைகளை நடுவுல சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்குன்னு அர்த்தம். அப்படி இருந்தா பட்டறைக்குக் கூட ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க.

யாழ் மைனர்:
எனக்கு மொறிஸ் மைனர்தான், ஆனா அமைப்பு உங்கட காரைப் போலத்தான். முன்னுக்கு டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யிற கம்பி), பின்னுக்குப் பட்டை. அதனால ஒரு விஷயம் சொல்றன். முன் டார்ஷன் பார் ஒரு பக்கம் தளர்ந்தாலும் பின்பக்கம் சரிஞ்ச மாதிரித் தெரியும். பின் பட்டையை மாத்திப் போட்டும் சரிவு போகாமல் அலைஞ்ச ஆக்கள் இஞ்ச இருக்கினம்.

முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின்ர நட்ட நடுவில ஜாக்கியை வச்சு முன் சக்கரம் ரெண்டும் நிலத்தை விட்டு எழும்பும் வரைக்கும் தூக்குங்கோ. பின் சக்கரத்துக்கு அடை வையுங்கோ. இப்ப கார் முன்னுக்கு ஒரே புள்ளியில நிக்குது, முன் ஸ்பிரிங் எந்தப் பக்கமும் தள்ளாது. பின்னால திரும்ப அளந்து பாருங்கோ. சரிவு அப்படியே இருந்தால் குற்றம் பின் பட்டையில. சரிவு போயிட்டால் முன்னுக்குத்தான் பாக்க வேணும். தூக்கின காருக்குக் கீழ மட்டும் போகாதேங்கோ.

கரூர் மார்க்3:
இருவருக்கும் நன்றி. வீல்பேஸ் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது. உயரத்தில் வலது பக்கம் ஒன்றேகால் அங்குலம் குறைவு. முன்பக்கத்தை நடுவில் தூக்கி அளந்தபோதும் வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

சேலம் பட்டறை:
அப்போ வலது பட்டைதான். இனி கீழே போய்ப் பார்க்கணும். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதனால ஸ்டாண்டை, பட்டையோட முன் கண் (நுனியில சுருட்டின வளையம்) மாட்டியிருக்கிற இடத்துக்கு முன்னால, துரு இல்லாத கெட்டியான பகுதியில கொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீங்க.

அச்சு மேல ஏறிப் பாடியில இடிக்காமத் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு நேர் கீழே அச்சு மேல பெயிண்ட் போய்ப் பளபளன்னு இருந்தா, உங்க 'டொம்' சத்தம் அங்கதான். பட்டையோட பின் நுனியைப் பாடியோட இணைக்கிற ஷேக்கிள் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு இடதோட ஒப்பிட்டுப் பாருங்க. பட்டை தட்டையானா நீளம் கூடி ஷேக்கிளைப் பின்னால தள்ளும். ஒரு கடப்பாரையைக் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல கொடுத்து நெம்பினா கண்ணுக்குள்ள இருக்கிற ரப்பர் புஷ் எவ்வளவு ஆடுதுன்னு தெரியும். கிளட்ச் விடுறப்ப வர்ற 'டக்' பெரும்பாலும் தேஞ்ச புஷ், இல்லேன்னா தளர்ந்த யூ போல்ட் (பட்டையை அச்சோட கட்டுற வளைஞ்ச போல்ட்). எஞ்சின் இழுவை பூராவும் பட்டை வழியாத்தான் பாடிக்குப் போகுது, அங்க இடைவெளி விழுந்தா தட்டத்தான் செய்யும்.

பிராக்கெட் வெல்டு ஆகியிருக்கிற தகட்டையும் சுத்தியலால லேசாத் தட்டுங்க. சத்தம் கணீர்னு வரணும். பொத்துன்னு வந்தா உள்ளே துரு. அங்க தகடு உள்வாங்கினாலும் வண்டி இறங்கும், புதுப் பட்டை போட்டாலும் நிக்காது.

கடைசியா, கம்பி பிரஷ் போட்டுப் பட்டை ஓரத்தைச் சுத்தம் பண்ணி மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு நல்லாத் துடைச்சுட்டுச் சாக்பீஸ் பூசுங்க. விரிசல் இருந்தா உள்ளே போன மண்ணெண்ணெய் கசிஞ்சு வெள்ளையில ஈரக் கோடு தெரியும்.

கரூர் மார்க்3:
கிடைத்துவிட்டது! தகடு நன்றாக இருக்கிறது. வலது பக்கம் அச்சின் மேல் ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளப்பு. சாக்பீஸ் பூசியதும் மேலிருந்து மூன்றாவது பட்டையில், யூ போல்ட்டை ஒட்டி, குறுக்கே கோடு விழுந்தது. கழற்றிப் பிரித்தால் அந்தப் பட்டை இரண்டு துண்டு. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கருந்துரு, மீதி சாம்பல் நிறத்தில் புதிதாக இருக்கிறது. கிளிப் பிடித்திருந்ததால் வெளியில் தெரியவே இல்லை. இரண்டாவது பட்டையின் அடியில், மூன்றாவதன் நுனி உரசி நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். புஷ் எல்லாம் பொடிப் பொடியாக உதிர்கிறது.

சேலம் பட்டறை:
கருந்துரு இருக்கிற பகுதி ரொம்ப நாளைக்கு முந்தின விரிசல், தண்ணி இறங்கி இறங்கித் துருப்பிடிச்சது. புதுசா இருக்கிறது இப்போ முறிஞ்சது. கேஸ் டேங்க் எடை சுமந்த காலத்துலயே விரிசல் தொடங்கியிருக்கலாம். அந்த நகம் மாட்டுற பள்ளம் அடுத்த முறிவுக்கு ஆரம்பம். அந்தப் பட்டையையும் திரும்பப் போடாதீங்க.

நெல்லை டாக்ஸி:
எங்க வண்டிக்கு ஒரு பட்டை கூடப் போட்டுத்தான் வருஷக்கணக்கா ஓட்டினோம், ஒண்ணும் ஆகல. முறிஞ்சதுக்குப் பதிலா ஒண்ணு, அதுக்கு மேல கூடுதலா ஒண்ணு போட்டுக் கட்டுங்க. செலவு கம்மி.

சேலம் பட்டறை:
அண்ணாச்சி, டாக்ஸிக்கு அது சரி. கேரியர்ல மூட்டை, உள்ளே ஆறேழு பேர்னு எப்பவும் எடையோட ஓடுற வண்டி. தம்பி வண்டி பெரும்பாலும் காலியா, ரெண்டு பேரோட போகுது. கூடுதல் பட்டை போட்டா பின்பக்கம் கட்டை மாதிரி ஆகிக் குதிக்கும். அந்த இடியைப் பாடித் தகடு வாங்கும், இந்த வயசுல அது வேண்டாம்.

சூடு காட்டுற விஷயத்துல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பட்டையோட பலமே எண்ணெயில் குளிரவச்சு, அப்புறம் அளவாச் சூடேத்தி எடுத்த பதத்துலதான் இருக்கு. கேஸ் விளக்கைக் காட்டினா அந்த இடத்துல பதம் போயிடும். முதல் மாசம் நிமிர்ந்து நிக்கும், அப்புறம் திரும்பப் படுத்துடும், இல்லேன்னா சூடு பட்ட ஓரத்துல முறியும். வெல்டிங் அதைவிட மோசம். பட்டை மேல வெல்டிங் பொறி விழுந்தாலே விரிசலுக்கு விதை.

உங்க ஊர்ல இருந்து நாமக்கல் பக்கம்தான். லாரிப் பட்டை வேலைக்கு அங்க ஆளுக்குக் குறைவில்லை. ரெண்டு பக்கத்துக்கும் முழு செட் புதுசாக் கிடைச்சா அதுதான் முதல் வழி. கிடைக்கலேன்னா, கெட்ட பட்டைகளுக்கு அதே அகலம், அதே கனத்துல புதுசு வெட்டி, மத்ததைச் சூடு இல்லாம அழுத்தி வளைவு ஏத்தச் சொல்லுங்க. ஒரு பக்கம் மட்டும் செய்யாதீங்க. செஞ்சதும் ரெண்டு பக்கப் பட்டைக் கட்டுகளையும் தரையில கவுத்து வச்சு, கண்ணுக்குக் கண் நூல் கட்டி, நூலுக்கும் மெயின் பட்டைக்கும் (கண் இருக்கிற நீளமான பட்டை) நடுவுல இருக்கிற உயரம் அளங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் பணம் கொடுக்கணும்.

மாட்டுறப்ப யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ் மூணும் புதுசு. சென்டர் போல்ட் தலை அச்சுல இருக்கிற குழியில சரியா உக்காரணும். பட்டைகளுக்கு நடுவுல கிராஃபைட் கிரீஸ் லேசா, ஆனா ரப்பர் புஷ்ல ஒரு துளிகூடப் படக் கூடாது. அச்சு தொங்கறப்ப பிரேக் ஹோஸ் இழுபடாமப் பார்த்துக்குங்க. முக்கியமான ஒண்ணு: ஷேக்கிள் போல்ட்டையும் முன் கண் போல்ட்டையும் வண்டி நாலு சக்கரத்துல நின்னு எடை இறங்கின பிறகுதான் கடைசியா இறுக்கணும். தூக்கி வச்ச நிலையில இறுக்கினா, இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சுடும்.

கரூர் மார்க்3:
முழு செட் கிடைக்கவில்லை. நாமக்கல்லில் இரண்டு பக்கமும் இரண்டாவது, மூன்றாவது பட்டை புதிதாகப் போட்டு, மற்றதைக் குளிர்முறையில் வளைத்தார்கள். நூல் கட்டி அளந்ததில் இரண்டும் ஒரே அளவு. சொன்னபடியே இறக்கிவிட்டுத்தான் இறுக்கினோம். சரிவு போய்விட்டது, 'டக்' சத்தமும் இல்லை. பின்பக்கம் மட்டும் பழையதைவிடக் கொஞ்சம் தூக்கி நிற்கிறது, இரவில் ஹெட்லைட் வெளிச்சம் பக்கத்திலேயே விழுகிறது. இது சரிதானா?

சேலம் பட்டறை:
சரிதான். வளைவு ஏத்தின பட்டை ஓட ஓடக் கொஞ்சம் அமரும். 300 கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட் நாலையும் திரும்ப இறுக்குங்க. பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு படியறப்ப அது கட்டாயம் தளரும். அன்னைக்கே உயரத்தை மறுபடி அளந்து எழுதி வச்சுக்குங்க. ஹெட்லைட்டை இப்போ தொடாதீங்க, பின்பக்கம் அமர்ந்த பிறகு திருப்பினாப் போதும்.

யாழ் மைனர்:
பழைய ஷாக் அப்சார்பரில எண்ணெய் கசியுதோ எண்டு அதோட சேத்துப் பாருங்கோ. பட்டை புதுசா நல்லா வேலை செய்யேக்கைதான் ஷாக்கின்ர உண்மையான நிலை தெரியும்.