புதுப்பிப்பு: உள்ளரங்க ஆன்டெனா அமைப்பு, கேபிள் கணக்கில் திருத்தம்

கட்டடத்துக்குள் மொபைல் சிக்னலைப் பகிரும் ஆன்டெனா அமைப்புக்கான முன்தயாரிப்பு பற்றி முன்பு எழுதியதில், கேபிள் இழப்பை 900 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் போட்டிருந்தேன். அது போதாது. அரை அங்குல ஃபோம் கேபிளில் 100 மீட்டருக்கு 900-இல் சுமார் 7 டெசிபல் போகும், 2100-இல் சுமார் 11. ஓடப்போகும் மிக உயர்ந்த அலைவரிசைக்கே கணக்குப் போடுங்கள்.

நீண்ட தாழ்வாரத்துக்கு, சிக்னலைச் சமமாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்களை வரிசையாக அடுக்கச் சொன்னதும் தவறு. இருவழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் 3 டெசிபலுக்குச் சற்று மேல் விழுங்கும். முதல் ஆன்டெனா கத்தும், கடைசி ஆன்டெனா முனகும். தொடக்கத்தில் 10 டெசிபல் கப்ளர் (சிக்னலில் சிறு பங்கை ஆன்டெனாவுக்குப் பிரித்து, மிச்சத்தை நேர்வழியில் அனுப்பும் பாகம்) வையுங்கள், நேர்வழியில் அரை டெசிபல்தான் போகும். அடுத்து 6 டெசிபல் கப்ளர். கடைசி இரண்டு ஆன்டெனாக்களுக்கு மட்டும் ஸ்ப்ளிட்டர்.

கனெக்டர் போடுவது சலிப்பான வேலைதான், ஆனால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. வெட்டிய செப்புத் துகள் உள்ளே தங்கினாலோ முறுக்கு குறைந்தாலோ 'பிம்' (சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து பிறக்கும் வேண்டாத அலைகள்) கிளம்பி, போனிலிருந்து வரும் அப்லிங்க் வழியில் இரைச்சலை ஏற்றிவிடும். 4.3-10 கனெக்டரின் திருகு வகைக்கு 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் மட்டும்.

ஃபால்ஸ் சீலிங் மூடுமுன் ஒவ்வொரு கிளையையும் ஸ்வீப் செய்யுங்கள், அதாவது அலைவரிசை முழுவதிலும் சிக்னல் அனுப்பி எதிரொலியை அளந்து பாருங்கள். நீளமான கேபிளின் இழப்பே தொலைமுனைப் பழுதின் எதிரொலியை மறைத்துவிடும்; ரிட்டர்ன் லாஸ் (எதிரொலி எவ்வளவு குறைவு என்ற அளவு) அழகாகத் தெரிந்தாலும், பழுது எவ்வளவு தொலைவில் என்று காட்டும் பழுதுத் தூர அளவீட்டையும் எடுத்து வையுங்கள்.