டெபியனில் டிஎல்எம்ஜிஆர் முடக்கப்பட்டதா?

கொக்குவில் வாசி: "டெபியனுக்கு மென்பொருள்களைப் பொதிசெய்து தரும் பொதியாளர்கள் டிஎல்எம்ஜிஆரை முடக்கி டெக் லைவைப் பாழாக்கிவிட்டார்கள்" என்று சுன்னாகத்தார் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலடைந்தேன். டெக் லைவ் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் தொகுப்பில் பொதிகளைச் சேர்க்கும் அந்த டிஎல்எம்ஜிஆர் கருவி டெபியன் லினக்ஸில் முடக்கப்படவில்லை, பயனர் நிலையில், அதாவது பயனரின் சொந்த அடைவுக்குள் மட்டும், இயங்குகிறது. டெபியனின் பொதி மேலாளரான ஏப்டியின் பொறுப்பிலுள்ள அடைவுகளுக்குள் இன்னொரு கருவி புகுந்து கோப்புகளை மாற்றினால், அடுத்த இற்றைப்படுத்தலின்போது எந்தக் கோப்பு எவருடையது என்று யாரால் சொல்ல முடியும்?

சுன்னாகத்தார்: அந்தியேட்டிச் சடங்குக்கு இரண்டு நாள் இருக்கையில், டெபியனிலிருந்து பிறந்த உபுண்டு 22.04 இல், இறந்தவருக்கான நினைவு நூலாகிய ஒரு கல்வெட்டை அச்சுக்கோத்துக்கொண்டிருந்தேன். ஒரேயொரு பாணிக் கோப்புத் தேவைப்பட்டது. என்னிடமுள்ள டெக் லைவ் 2021 ஆம் ஆண்டுக்குரியது, பொதிகள் வரும் இணையக் களஞ்சியம் அதைவிடப் புதியது என்று சொல்லி அக்கருவி மறுத்துவிட்டது. இது முடக்கம் இல்லாமல் வேறென்ன?

மானிப்பாய்ப் பெரியவர்: அது டெபியனின் குற்றமன்று. டெக் லைவ் ஆண்டுக்கொரு வெளியீடு. புதியது வந்ததும் பழையது உறைந்துவிடும். மூலத்திலிருந்து, அதாவது டெக் லைவின் தளத்திலிருந்தே, நேரடியாக நிறுவியவருக்கும் அதே மறுப்புத்தான் கிடைக்கும். 2021 இன் இறுதிக் களஞ்சியத்தைச் சுட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். பெயரின் முடிவில் எம்ஜிஆர் நிற்கிறார் என்பதற்காக, பூட்டிய கதவை உடைத்துக்கொண்டு வருவார் என்று காத்திருந்தீரோ?

சுன்னாகத்தார்: கதவு பூட்டியிருந்ததை ஐயாவே ஒப்புக்கொண்டுவிட்டார். அதைத்தான் முடக்கம் என்கிறேன்.

காரைநகரான்: முதலில் 'பொதியாளர்' என்பதை நிறுத்துங்கள். பொதி என்பது கழுதை சுமப்பது.

கொக்குவில் வாசி: பல கிகாபைட் அளவுள்ள டெக் லைவைச் சம்பளமின்றிச் சுமப்பவருக்கு அந்தச் சொல் பொருத்தமே.

மானிப்பாய்ப் பெரியவர்: தம்பி சரியாகச் சொன்னார். டெக் லைவ் போன்ற இன்னொரு தொகுப்பான டெடெக்கைத் தனியொருவராகச் சுமந்த தோமஸ் எஸ்ஸர் 2006 இல் அதைக் கைவிட்டபோது, எல்லோரையும் டெக் லைவுக்குப் போகச் சொன்னார். அந்தப் பெருங்குவியலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆவணங்களை வேறாக்கி, ஒவ்வொன்றின் உரிமத்தையும் பார்த்து, கட்டற்றதல்லாததை விலக்கி, நிலையான வெளியீடு முடியும்வரை வழுக்களைத் திருத்துவது விளையாட்டல்ல. அவசரக்காரர் மூலத்திலிருந்து நிறுவிக்கொண்டு, ஈக்விவ்ஸ் என்ற கருவி மூலம் ஒரு வெற்றுப் பொதியைச் செய்து, டெக் லைவைக் கேட்கும் மற்றப் பொதிகளின் சார்புகளைச் சமாளிக்கலாம். ஆனால் சிலருக்குப் பழி சொல்வதே இன்பம். சென்ற ஆண்டு எழுத்துரு விவாதத்திலும் இவர் இப்படித்தான் செய்தார்.

சுன்னாகத்தார்: எழுத்துரு விவாதத்தில் நான் சொன்னதே சரி. தமிழின் கொம்பை எழுத்துக்கு முன்னே ஒழுங்காக வைக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்து வடிவமைப்பு நிரலுடன் லுவாஎச்பிடெக் என்னும் அச்சுக்கோப்புப் பொறி 2020 இல் டெக் லைவுக்குள் வந்தது. டெபியன் 10 இலோ 2018 ஆம் ஆண்டின் டெக் லைவ். உங்கள் நிலைத்தன்மை எனக்குக் கொம்பைத் தரவில்லை.

கொக்குவில் வாசி: ஸீடெக் என்னும் பொறி அதற்கு முன்பே கொம்பைச் சரியாக வைத்தது. அதுவன்றி, பேச்சு டிஎல்எம்ஜிஆரைப் பற்றியது. அது முடக்கப்படவில்லை.

சுன்னாகத்தார்: முடக்கப்பட்டது.

மானிப்பாய்ப் பெரியவர்: தைப்பொங்கலுக்கு நீர் இரவல் வாங்கிய எனது டெக் லைவ் இறுவட்டு இன்னும் வந்து சேரவில்லை.

சுன்னாகத்தார்: முடக்கப்பட்டது என்று ஐயா எழுதும் நாளில் வரும்.