இயோசினோபில் 620, ஐஎல்-5 ஊசி போடலாம் என்கிறார்கள். யாராவது விளக்குங்களேன்

இரவுப்பேருந்து:
வயது 49, சிங்கப்பூர் யீஷூனில் இருக்கிறேன், பேருந்து ஓட்டுகிறேன். ஆஸ்துமா சிறுவயதிலிருந்தே உண்டு. நீல நிறப் பஃப் (இன்ஹேலர்) எப்போதும் சட்டைப்பையில். பழுப்பு நிறப் பஃப் ஞாபகம் வந்தால்தான். இந்த வருடம் இரண்டு முறை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வரைக்கும் போய்விட்டது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இயோசினோபில் 620 என்று பார்த்துவிட்டு மருத்துவர் "ஐஎல்-5ஐத் தடுக்கும் ஊசி" என்றார். நானும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆஸ்துமா என்றால் குழாய் சுருங்குவதுதானே? ரத்தத்தில் என்ன வேலை?

பழைய_ஸ்லைடு:
தம்பி, ஆய்வுக்கூடத்தில் 30 வருடம் மைக்ரோஸ்கோப் பார்த்தவள் நான். இயோசினோபில் என்பது ஒரு வெள்ளையணு. இயோசின் சாயம் போட்டால் உள்ளே ஆரஞ்சு மணிகள் கொட்டிக் கிடக்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த மணிகளில் இருப்பது குடல்புழுவைக் கொல்லும் நஞ்சு. புழுவே இல்லாத மூச்சுக்குழாயில் அதைக் கொட்டினால் சுவர்தான் புண்ணாகும்.

அதை யார் அங்கே வரவழைப்பது? நம் ஊர் ஈரத்துக்கு மெத்தையில் தூசிப்பூச்சி செழிக்கும். அதன் எச்சத்தில் புரதத்தை வெட்டும் நொதி உண்டு, அது குழாயின் உட்சுவரை அரிக்கும். சுவர்ச் செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 என்ற சேதிப் புரதங்களை விட்டுக் கூப்பாடு போடும். அதைக் கேட்ட நோய் எதிர்ப்பு செல்கள் ஐஎல்-4, 5, 13 என்ற சேதிப் புரதங்கள் மூன்றையும் விடும். 4 ஒவ்வாமைக்கான ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்ய வைக்கும். 13 சளியைக் கூட்டும். 5 எலும்பு மஜ்ஜை வரை போய் இயோசினோபிலை வளர்த்து அனுப்பும், வந்ததைச் சீக்கிரம் சாகவும் விடாது. உங்கள் 620 என்ற கூடுதல் எண்ணிக்கை பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான். அந்த 5ஐத் தடுப்பதுதான் மருத்துவர் சொன்ன ஊசி.

நீலப் பஃப் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். இந்தக் கூப்பாடு அதன் காதில் விழாது. அதை அடக்குவது நீங்கள் மறந்துபோகும் பழுப்புப் பஃப். (திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். சரி, திட்டத்தான் செய்கிறேன்.)

தெம்பனிஸ்_தோசை:
நான் இந்த ஊசியை எட்டு மாதமாகப் போடுகிறேன், நான்கு வாரத்துக்கு ஒரு முறை. மாத்திரை தேவைப்படவில்லை. பஃபை நிறுத்தவில்லை. புகைமூட்டம் வந்தால் இப்போதும் இருமல்தான். இது எல்லாருக்கும் கேட்குமா அக்கா?

பழைய_ஸ்லைடு:
கேட்காது. ஐஎல்-5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் மருந்தை முதலில் ஆஸ்துமாக்காரர்களுக்குப் பொதுவாகப் போட்டுப் பார்த்தார்கள். 2007இல் வந்த முடிவு ஏமாற்றம். இயோசினோபில் கூடுதலாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கிப் போட்ட ஆய்வுகள் 2009இல் வந்தன, அவற்றில்தான் திடீர் மூச்சுத்திணறல் குறைந்தது. எண்ணிக்கை பார்க்காமல் இந்த ஊசியைப் பேசவே கூடாது என்பேன்.

இரவுப்பேருந்து:
அக்கா, ரத்தம் எடுத்தது மாத்திரை முடிந்து மூன்று வாரம் கழித்து. பரவாயில்லையா?

பழைய_ஸ்லைடு:
நல்லதுதான். மாத்திரை ஓடும்போது எடுத்திருந்தால் எண்ணிக்கை மளமளவென்று இறங்கிப் போயிருக்கும், உங்களை ஊசிக்கே சேர்த்திருக்க மாட்டார்கள். அப்புறம், புழுத்தொற்று இருந்தாலும் இயோசினோபில் ஏறும். ஊருக்குப் போய் வயலில் வெறுங்காலோடு நடந்திருந்தால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவுப்பேருந்து:
தீபாவளிக்கு மன்னார்குடி போயிருந்தேன். செருப்பும் போடவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட், கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.