எஸ்டீம் காருக்கு அலாய் வீல் போட்ட கதை, உங்கள் கதையையும் சொல்லுங்கள்

97 எஸ்டீம், கோவை

அப்பா 1997-இல் வாங்கிய மாருதி எஸ்டீம் கார் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. சும்மா நிற்கவில்லை, வாரம் ஒரு தடவை மேட்டுப்பாளையம் வரை போய் வரும். இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியில்தான் வயசு தெரிந்தது. நான்கு வீல் கப்பில் மூன்று எங்கேயோ கழன்று விழுந்துவிட்டன, இரும்பு ரிம்மில் துரு, கறுப்பு பம்பர் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறம். போன வருஷம் ஒரு முடிவுக்கு வந்தேன். முதலில் வீல், அப்புறம் மற்றது.

வீலில்தான் முதல் அடி வாங்கினேன். ஸ்விஃப்டிலிருந்து கழற்றிய 14 இஞ்ச் அலாய், அதாவது உலோகக் கலவை வீல், ஒரு செட் விலைக்கு வந்தது. ஒன்பதாயிரம் ரூபாய், ஒரு கீறல் இல்லை. அதுவும் மாருதி, இதுவும் மாருதி, அதிலும் நாலு நட், இதிலும் நாலு நட். வேறென்ன பார்க்க வேண்டும் என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். டயர் கடையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, வீலை ஹப்பில் வைத்துப் பார்த்தால் ஒரு போல்ட் நுழைகிறது, எதிர்ப்பக்கம் இடிக்கிறது. திருப்பித் திருப்பி வைத்தும் அதே கதைதான்.

விஷயம் இதுதான். நாலு ஓட்டை வீலில் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் வருவது பி.சி.டி. எஸ்டீமுக்கு அது 114.3 மில்லிமீட்டர். ஸ்விஃப்டுக்கு 100. பக்கத்துக்கு ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, போல்ட்டுக்குத் தெரியும். கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஓட்டைய கொஞ்சம் இழுத்து உட்டர்லாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். எனக்கும் சபலம்தான். எங்கள் பழைய மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "ரோட்ல உங்க வீலே உங்கள முந்திட்டுப் போறதப் பாக்கணுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஸ்விஃப்ட் வீலை இரண்டாயிரம் நஷ்டத்துக்கு விற்றேன்.

அடுத்து வாங்கியது எட்டு ஓட்டை போட்ட வீல். 100-க்கு நாலு, 114.3-க்கு நாலு, இரண்டும் அதிலேயே இருக்கும். பார்க்கச் சல்லடை மாதிரி இருக்கிறது என்று தங்கை கேலி செய்கிறாள். இருக்கட்டும்.

டயருக்கு மட்டும் ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். பழையது 175/70 ஆர் 13. 13 இஞ்ச் ரிம் 330 மில்லிமீட்டர், அதன் மேலும் கீழும் டயர் அகலமான 175-இல் 70 சதவீதம், ஆக மொத்த விட்டம் 575. புதியது 185/60 ஆர் 14, இதே கணக்கில் 577 சொச்சம். இரண்டே மில்லிமீட்டர்தான் கூடுதல் என்பதால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது.

ஆனாலும் இடித்தது. தனியாக ஓட்டினால் சத்தமில்லை. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து மருதமலை அடிவாரத்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் பின்பக்கம் 'சர்க்' என்று ஒரு உரசல். புது வீலின் ஆஃப்செட் (ஹப்பில் உட்காரும் தளம் வீலின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம்) குறைவு, அதனால் டயர் வெளியே தள்ளி நிற்கிறது. டிங்கர் ஒருவர் சரி செய்த விதத்தை நின்று பார்த்தேன். வீல் ஆர்ச்சின் உள்ளே ஒரு விரல் அகலத்துக்குத் தகரம் மடிந்திருக்கும். அந்த இடத்தை ஹீட் கன்னால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தார். சூடு இல்லாமல் மடக்கினால் பெயின்ட் வெடிக்குமாம். பிறகு தகரத்துக்கும் டயருக்கும் நடுவே துணி சுற்றிய உருட்டுக்கட்டையைச் செருகி, என்னை வண்டியை அரை அடி முன்னும் பின்னும் தள்ளச் சொன்னார். கட்டை உருள உருள மடிப்பு மேலே போய் ஒட்டிக்கொண்டது. சுத்தியல் சத்தமே கேட்கவில்லை. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம், இரண்டு டீ.

பம்பர், கிரில், ஹெட்லைட் கதையெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. வாட்டர் பேப்பர் தேய்த்து, கம்பவுண்ட் அடித்து, பெயின்டரிடம் விட்டு எடுத்தேன், அவ்வளவுதான். அப்பாவுக்கு மட்டும் இன்னும் கோபம். "நல்லா இருந்த வண்டிக்கு எதுக்குடா கொலுசு?" என்கிறார்.

சரி, நீங்கள் எங்கே மாட்டினீர்கள்?

மாருதி 800, மதுரை

கோவைத் தம்பி தப்பித்துவிட்டார். நான் கணக்கே போடாமல் இறங்கியவன்.

என் 800-க்கு வந்தது 12 இஞ்ச் வீல், 145/70 டயர். எனக்கு 14 இஞ்ச்தான் வேண்டும் என்று பிடிவாதம். 165/55 ஆர் 14 போட்டேன். நிறுத்தி வைத்துப் பார்த்தால் அப்படி ஒரு அழகு. ஓட்டினால்தான் வினை. விட்டம் 508-இலிருந்து 537-க்குப் போய்விட்டது, கிட்டத்தட்ட ஆறு சதவீதம். முள் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் போகும். அதைக்கூட விடுங்கள். 796 சி.சி. இன்ஜின், பவர் ஸ்டீயரிங் இல்லை. அழகர்கோவில் ரோட்டில் இரண்டாவது கியரை விடவே மனசு வராது, ஸ்டாண்டில் போட்டு எடுப்பதற்குள் தோள் கழன்றுவிடும். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

நட்டிலும் ஒரு பாடம். மாருதிக்கு 12 மில்லிமீட்டர் போல்ட், மரை இடைவெளி 1.25. ஹூண்டாய்க்கும் அதே 12 மில்லிமீட்டர், ஆனால் இடைவெளி 1.5. பார்வைக்கு ஒரே நட்தான். வீல் மாட்டிய பையன் ஹூண்டாய் நட்டை எடுத்து, கையால் முடுக்கிப் பார்க்காமல் நேராகக் காற்று கன்னை வைத்து அழுத்த, ஒரு போல்ட்டின் மரை மொத்தமும் போச்சு. அன்றிலிருந்து எந்தக் கடையாக இருந்தாலும் முதல் நாலைந்து சுற்று கையால்தான் போக வேண்டும் என்று பக்கத்திலேயே நிற்பேன். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு தடவை முடுக்கிக்கொள்வேன்.

கடைசியில் பழைய 12 இஞ்ச் இரும்பு ரிம்மையே துரு சுரண்டி, பிரைமர் அடித்து, கரும்சாம்பல் நிறம் நானே ஸ்பிரே செய்தேன். நட் உட்காரும் குழிக்குள் பெயின்ட் தடிமனாகப் போனால், பிறகு அது நசுங்கி நட் தளர்ந்துவிடும். அதனால் பெயின்ட் அடிக்கும்போது ஒவ்வொரு குழியிலும் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டேன். கச்சிதமாக உட்காரும். பதினாறு குண்டும் பையனிடம் கடன் வாங்கியது. கலர் ஒட்டிவிட்டதென்று திரும்ப வாங்க மறுத்துவிட்டான்.

பத்மினி, காரைக்குடி

தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு அலாய் ஆகாது. 1978 பிரீமியர் பத்மினிக்கு அலாய் போடுவது பட்டு வேட்டிக்கு பெல்ட் கட்டுவது மாதிரி. ஒல்லி டயரும் பளபளக்கும் வீல் கப்பும்தான் அதற்கு லட்சணம்.

வெளிப்பக்க வேலையில் நான் ஏமாந்தது பட்டியில், அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசையில். வாங்கும்போது பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தபின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக் கதவுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன், பொத்தென்று விழுந்தது. ஒரு முழ நீளத்துக்கு எங்கே வைத்தாலும் விழுகிறது. சுரண்டினால் விரல் தடிமனுக்குப் பட்டி, அதற்குப் பின்னால் தகரமே இல்லை, துருப்பொடிதான். வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டு செய்ய ஐந்து வாரம் ஆனது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணி சுற்றி வைத்தால் பெயின்டில் கீறல் விழாது.

இன்னொன்று நிறம். தந்த நிறத்தில் இருந்ததை நான் கரும்பச்சை ஆக்கிவிட்டேன். மறுபதிவுக்குக் கொண்டுபோனபோது ஆய்வாளர் ஆர்.சி.யைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆர்.சி.யில் எழுதியிருப்பதும் வண்டியும் ஒத்துப்போக வேண்டும் என்றார். நிறத்தை மாற்றக் கூடாது என்றில்லை, மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் சொன்னது சரிதான், நான்தான் சோம்பேறி. தயாரிப்பாளர் சொன்ன அமைப்பை மீறி வண்டியின் உருவையே மாற்றுவது வேறு விஷயம். அது கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் கூரையை வெட்டுகிற ஆசையெல்லாம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

புரோட்டோன் சாகா, கிள்ளான்

வணக்கம் அண்ணா. இங்கே மலேசியாவில் அலாய் வீலை ஸ்போர்ட் ரிம் என்றுதான் சொல்வோம். கோவை அண்ணன் கதை அப்படியே எனக்கும் நடந்தது. பழைய சாகாவுக்கு 114.3, அதற்குப் பின்னால் வந்த வீராவுக்கு 100. இரண்டும் புரோட்டோன்தானே என்று மாமா தன் வீரா ரிம்மை எனக்கு இனாமாகக் கொடுத்தார். ஏறவில்லை. சும்மா கிடைத்ததை விட மனசில்லாமல் நடுவில் அடாப்டர் தட்டு வைத்து மாட்டினேன். டயர் மட்கார்டைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றது. சிரம்பான் போகும் நெடுஞ்சாலையில் 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. ஓரங்கட்டிப் பார்த்தால் இடது முன்வீலில் இரண்டு நட் விரலாலேயே சுற்றுகிறது. அங்கிருந்து வீடு வரைக்கும் நாற்பதில் வந்தேன். ரிம்மை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று.

97 எஸ்டீம், கோவை

காரைக்குடி அண்ணனின் காந்த வைத்தியத்தை இன்று காலையிலேயே செய்து பார்த்துவிட்டேன். இடது பின்கதவுக்குக் கீழே ஓர் இடத்தில் விழுந்தது. பெயின்டரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

கேட்க மறந்த ஒன்று, ஸ்டெப்னியை என்ன செய்கிறீர்கள்? நான் பழைய 13 இஞ்ச் இரும்பு வீலையே வைத்திருக்கிறேன், விட்டம் ஒன்றுதான் என்பதால் தொல்லையில்லை. ஆனால் அலாய்க்கு வந்த நட் மெலிசு, இரும்பு ரிம்மில் சரியாக உட்காராது. போன மாதம் பெருந்துறை தாண்டி ராத்திரி பஞ்சரானபோதுதான் இது தெரிந்தது. பழைய நட்டெல்லாம் வீட்டுப் பரணில். அப்பாதான் தேடி எடுத்து, இன்னொருவர் வண்டியில் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார். வழிநெடுகத் திட்டு.

மறுநாள் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே கிரீஸ் தடவிய பழைய நட் நாலு. மூடியில் அப்பா கையெழுத்தில், 'ஸ்டெப்னிக்கு மட்டும். கொலுசுக்கு அல்ல.'