புதுப்பிப்பு: காசநோய் ஊசியும் காதும்

வழக்கமான மருந்துக்கு அடங்காத, மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குப் போடும் கானாமைசின், அமிக்காசின் ஊசிகள் காதைக் கெடுக்கும் என்று முன்பு எழுதியிருந்தேன். "டர்பனில் இன்னும் அதே ஊசிதானா?" என்று அந்த நகரத்தின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இல்லை. 2018 ஜூனில் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிகளுக்குப் பதிலாக பெடாகுவிலின் மாத்திரையைக் கொண்டுவந்துவிட்டது. அதற்கு ஈசிஜி (இதயத் துடிப்புப் பதிவு) பார்க்க வேண்டும், ஆனால் காது தப்பும்.

முந்தைய பதிவில் ஒரு குறை. "கேட்பதில் சிரமம் வந்தால் சொல்லுங்கள்" என்று எழுதியது போதாது. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட கேட்கும் உறுப்பான நத்தைச்சுருளில், ஒலியை உணரும் அடிப்பகுதி மயிரணுக்கள்தான் முதலில் சாகின்றன, அவை மிக உயர்ந்த சுருதிக்கானவை. பேச்சு மங்கும்போது சேதம் வெகுதூரம் போயிருக்கும். செத்த அணு திரும்ப முளைக்காது.

ஆகவே அமிக்காசின் தவிர்க்க முடியாதவர்கள், முதல் ஊசிக்கு முன்பே (தவறினால் 72 மணி நேரத்துக்குள்) கேட்டல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 8,000 ஹெர்ட்ஸ் (சுருதியின் அளவு) என்பதோடு நிறுத்தாமல் அதற்கு மேலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாதம் ஒருமுறையாவது. கேட்கும் திறன் ஒரு சுருதியில் 20 டெசிபல் (ஒலியின் அளவு), அல்லது அடுத்தடுத்த இரண்டில் 10 டெசிபல் இறங்கினாலே மருத்துவரிடம் மாற்று கேட்கலாம். நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, ஃபுரோசமைடு என்னும் சிறுநீர் பெருக்கி மாத்திரை, தாய்வழி உறவினருக்கு ஊசியால் காது போன வரலாறு, இவற்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஊசி முடிந்த பிறகும் மருந்து உட்காதில் தங்கும், அதனால் 3, 6 மாதத்தில் மறுபடி சோதனை.