நீலநாக்கு அரணைக்குக் காட்டு நத்தை கொடுக்கலாமா?

செங்கோட்டைக்காரன்: எங்கள் அரணைக்கு நத்தை என்றால் உயிர். மழை விட்ட காலையில் புளியரைப் பக்கம் வாழைத்தண்டு அடியில் கொத்துக் கொத்தாய் ஒட்டியிருக்கிறது, பிடித்து அப்படியே போடலாமா?

தென்மலை: வாழைத்தோட்டத்து நத்தை வேண்டவே வேண்டாம் அண்ணே. ஆப்பிரிக்க நத்தைத் தொல்லைக்கு இங்கே மயில்துத்தம் கலந்த புகையிலைக் கஷாயம் அடிப்பார்கள், மெட்டால்டிஹைடு என்ற நத்தைக்கொல்லிக் குருணையும் போடுவார்கள், அதைத் தின்ற நத்தை உடனே சாகாமல் அடுத்த வேலிக்கும் ஊர்ந்து வந்துவிடும், அந்த நஞ்சு அரணைக்கும் போய்விடும்.

குமுளி: அதோடு காட்டு நத்தைக்குள் எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணியும் இருக்கலாம், மனிதருக்கு மூளையுறை அழற்சி வரை கொண்டுபோகும், வெறுங்கையால் தொடாதீங்க. தோட்டத்தில் கிடைக்கும் சின்ன வகை நத்தையை டப்பாவில் ஈரமண், முட்டைக்கோஸ் இலை, முட்டையோட்டுத் தூள் போட்டு வளர்த்து, அதன் குஞ்சுகளைக் கொடுங்கள். ஆப்பிரிக்க நத்தையை மட்டும் வளர்க்காதீர்கள், தப்பினால் ஊரே திட்டும்.

செங்கோட்டைக்காரன்: சரி, குஞ்சு வரும்வரை?

குமுளி: அவித்த முட்டை, பூசணித் துருவல்.